டிஎம்எஸ்ஏ ஸ்கேனும் அஞ்சரை மணி பஸ்ஸும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். நேத்து எங்க லைன் வீட்டு வரிசைல ஒரு பொண்ணு, அவ பையனுக்கு இதே கிட்னி ஸ்கேன் எழுதிக் குடுத்துட்டாங்கனு அழுதுட்டே வந்துச்சு, சரி இனியும் சும்மா இருக்கக்கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

எம்பொண்ணுக்கு அப்ப ரெண்டே கால் வயசு. சளி இல்ல, இருமல் இல்ல, வெறும் காய்ச்சல் 103 வரைக்கும் ஏறும், நடுங்குவா. மே மாசம், சீசன் டைம், ஊரெல்லாம் வைரல்னு சொல்லி ரெண்டு தடவ சிரப் குடுத்து அனுப்பிட்டாங்க. மூணாவது தடவ வேற ஒரு டாக்டரம்மாதான் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னாங்க, ஈ.கோலைன்னு ஒரு கிருமி வந்துச்சு, யூரின் இன்ஃபெக்ஷன். சளியே இல்லாம குழந்தைக்கு காய்ச்சல் அடிச்சா யூரின் பாக்க சொல்லிக் கேளுங்க, இது ஒண்ணையாவது ஞாபகம் வெச்சுக்கங்க. அந்த ரெண்டு சிரப் பாட்டில நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

ஆறு மாசம் கழிச்சு, அந்த இன்ஃபெக்ஷனால கிட்னில தழும்பு விழுந்திருக்கானு பாக்க டிஎம்எஸ்ஏ ஸ்கேன். கோயம்புத்தூர் போகணும். சீட்டுல நியூக்ளியர் மெடிசின்னு இருந்ததப் பாத்துட்டு எங்க மாமியார் "அணுகுண்டு சமாச்சாரமா கண்ணு? புள்ளைக்கு வேண்டாம்டா"ன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாங்க. அவரும் ரெண்டு நாள் பேசவே இல்ல.

மொத தேதி நவம்பர்ல. அன்னிக்குன்னு மேட்டுப்பாளையம் ரோட்டுல மரம் விழுந்து பஸ் ரெண்டு மணி நேரம் நின்னுருச்சு. போன் பண்ணா இன்னைக்கு ஆகாது அடுத்த வாரம் வாங்கங்கறாங்க. எனக்கு கோவம் கோவமா வந்துச்சு, மலைல இருந்து வர்றவங்க கஷ்டம் இவங்களுக்கு என்ன தெரியும்னு. அப்புறம்தான் அங்க இருந்த டெக்னீஷியன் தம்பி வெவரமா சொன்னாரு. ஊசில போடறது டெக்னீசியம்ங்கற கதிர் வீசற பொருள், ஆறு மணி நேரத்துல பாதி காணாம போயிரும். முன்னாடியே வாங்கி ஸ்டோர்ல வெச்சுக்கவே முடியாது. மாலிப்டினம்னு ஒண்ணு இருக்கிற ஒரு ஈய டப்பா வரும், அது தானா டெக்னீசியமா மாறிட்டே இருக்கும், அதுல இருந்து காலைல காலைல டெக்னீசியத்த இறக்குவாங்க, அதுக்கு அவங்க பால் கறக்கறதுன்னே பேரு வெச்சிருக்காங்க. அந்த டப்பாவும் 66 மணி நேரத்துல பாதியா வத்திரும். கறந்த பால கலந்து வெச்சுட்டு நாங்க எப்ப வருவோம்னு உக்காந்திருக்க முடியாதில்ல. கோவம் கொஞ்சம் எறங்குச்சு, கொஞ்சம்தான்.

அடுத்த வாரம் அஞ்சரை மணி பஸ். கொண்டை ஊசி வளைவுல ரெண்டு தடவ வாந்தி, என் சேலைலதான். வெறும் வயித்துல வரணும்னு இதுக்கு கிடையாது, மேட்டுப்பாளையத்துல இட்லி ஊட்டுனேன்.

ஒம்பதரைக்கு கையில மரத்துப் போற க்ரீம் தடவி ஊசி. எடைக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து, எம்பொண்ணு பதினோரு கிலோ, துளியூண்டுதான். அது நேரா போய் கிட்னியோட மேல்சதைல ஒட்டிக்குமாம், ஒட்டறதுக்கு மூணு மணி நேரம் காத்திருக்கணும். இத யாருமே முன்னாடி சொல்லல. ஒரு துணி எக்ஸ்ட்ரா இல்ல, டயப்பர் ரெண்டே ரெண்டு. நீங்க நாலஞ்சு எடுத்துட்டுப் போங்க, ஏன்னா மீதி மருந்து யூரின்ல வரும், அடிக்கடி தண்ணி குடுத்து அடிக்கடி மாத்தி கையக் கழுவணும்.

அந்த மூணு மணி நேரத்துல பக்கத்துல கூடலூர்க்காரங்க, பன்னண்டு வயசுப் பொண்ணுக்கு தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு ரேடியோ அயோடின் குடுக்கறதுக்காக வந்திருந்தாங்க. அது ட்ரீட்மென்ட், எங்களோடது மாதிரி இல்ல. தைராய்டு செல் எங்க ஒட்டிட்டிருந்தாலும் அயோடினத் தேடி இழுக்கும், அதனால அயோடின்லயே கதிர வெச்சு மாத்திரையா முழுங்கக் குடுத்தா அது தானா போய் அந்த செல்ல மட்டும் சுட்டுரும். அது பாதியாக எட்டு நாள் ஆகும், அதனால தனி ரூம், அம்மா கிட்டவே போகக்கூடாது. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அயோடின் சேத்த உப்பு ஆகாது, அந்தம்மா சாதா கல்லுப்புக்கு ஏழு கடை ஏறி எறங்குனாங்களாம். அந்தப் புள்ள கலரிங் புக்க வெச்சுட்டு எம்பொண்ணுக்கு யானை வரஞ்சு குடுத்துச்சு.

மெஷின் பத்தி. நான் நெனச்சது அது கதிர அடிக்கும்னு. அடிக்கவே அடிக்காது. ஸ்கூல்ல படிக்கறப்ப ஊட்டி பக்கத்துல முத்தோரை ரேடியோ டெலஸ்கோப் பாக்க கூட்டிட்டுப் போனாங்க, மலைச்சரிவுல 530 மீட்டர் நீளத்துக்கு கம்பி வலை, 1970ல இருந்து நிக்குது. அது வானத்துக்கு எதுவும் அனுப்பாது, வர்றத வாங்கும், அவ்ளோதான். இந்த கேமராவும் அதே ஜாதி. இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஈயத் தகடு, அதுக்குப் பின்னாடி சோடியம் அயோடைடு கிறிஸ்டல், கதிர் பட்டா மினுக்குனு ஒரு வெளிச்சம், அத எண்ணி எண்ணிப் படமாக்கறாங்க. கதிர் வர்றது எம்பொண்ணு உள்ள இருந்து. அவ உடம்பு வாங்கற மொத்த கதிர் அளவும் ஒரு மில்லிசீவர்ட் (கதிர அளக்கற கணக்கு) கிட்டதான், சும்மா இருந்தாலே மண்ணுல, காத்துல, வானத்துல இருந்து உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்கறோம், மலைமேல இருக்கறதுக்கு வானத்துப் பங்கு இன்னும் கொஞ்சம் தூக்கல். மாமியார்கிட்ட இதச் சொன்னேன், "என்னமோ சொல்ற"ன்னாங்க.

அரை மணி நேரம் அசையாம படுக்கணும், மயக்க மருந்து வேணுமான்னு பேசிட்டிருந்தாங்க. பெட்ஷீட்ல சுத்தி மணல் பையிடுக்குல படுக்க வெச்சதும் தூங்கிட்டா! நாலு மணிக்கு எழுப்புனது, வாந்தி எடுத்தது எல்லாம் சேந்து. நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். மானிட்டர்ல மொதல்ல தூசி மாதிரி புள்ளி, அப்புறம் மெதுவா ரெண்டு பட்டர் பீன்ஸ் கொட்டை. வலது பக்கம் முழுசா. இடது பக்கம் மேல் முனைல பூச்சி அரிச்ச மாதிரி ஒரு பள்ளம். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருச்சு.

ரெண்டு கிட்னியும் செய்யற மொத்த வேலைல இடது 39 சதவீதம், வலது 61. அந்தப் பள்ளம் ஆறாது, ஆனா இதோட நின்னுட்டா பயமில்லைங்கறாங்க.

என் நாத்தனாருக்கு அப்ப அஞ்சாவது மாசம், அதனால அன்னிக்கு ராத்திரி மட்டும் குழந்தைய அவ மடில உக்கார விடாதீங்கன்னாங்க. அதுக்கு எம்பொண்ணு அழுத அழுகை, அத்தை அத்தைன்னு. மறுநாள் காலைல ஒம்பதரைக்கு கணக்குப் போட்டேன், இருபத்தி நாலு மணி நேரத்துல நாலு தடவ பாதியாயிருக்கும், பதினாறுல ஒரு பங்குதான் பாக்கி. விட்டேன், ஓடிப் போய் ஏறிக்கிட்டா.

கிட்னில தழும்பு இருக்கறதால வருஷா வருஷம் பிபி பாக்கணும்னு சொல்லிருக்காங்க. குழந்தைங்க கைக்கு ஏத்த சின்ன பட்டை வேணும், பெரியவங்க பட்டைல பாத்தா தப்பா காட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அது எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, இதுக்கும் அஞ்சரை மணி பஸ் ஏற முடியல.