ஏணி தேவைப்படாத வேலைக்கு ஏணி ஏறிய கதை

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் 400 மீட்டர் நடக்கச் சோம்பல்பட்டுத்தான் இந்த இரண்டு ரேடியோ மோடம்களையும் வாங்கினேன். 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை, உள்ளே அவற்றை இயக்கும் மென்பொருளாக சிக் (SiK) என்ற திறந்தமூல ஃபர்ம்வேர். தொட்டியின் நீர்மட்ட உணரி மோட்பஸ் பேசும், அதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒரு தொழிற்சாலை மொழி. என் மேசையில் உள்ள கணினி அதைக் கேட்கும். இடையில் கேபிளுக்குப் பதிலாகக் காற்று. ஒரு மதிய வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் ஆயிற்று.

முதலில் ஆன்டெனாவைத் திருகினேன், பிறகுதான் மின்சாரம் கொடுத்தேன். ஆன்டெனா இல்லாமல் அலைபரப்பினால் வெளியே போக வேண்டிய ஆற்றல் திரும்பி வந்து பெருக்கியையே பதம் பார்த்துவிடலாம். இந்த ஒன்றில் மட்டும் நான் ஒழுங்கு.

அடுத்து மோடமைக் கட்டளைநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு விநாடி எதுவும் அனுப்பாமல் இருந்து, +++ என்று தட்டி, மறுபடி ஒரு விநாடி கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் காலத்து வழக்கம் இது. பழக்கதோஷத்தில் நான் என்டர் விசையையும் சேர்த்து அழுத்தினேன். மோடம் வாயே திறக்கவில்லை. நான்காம் முறை விரலை அடக்கிய பிறகு பதில் வந்தது. 'ஏடிஐ5' கேட்டதும் அமைப்புகள் வரிசையாக இறங்கின: சீரியல் வேகம் 57 (அதாவது 57600), காற்று வேகம் (மோடம்கள் தங்களுக்குள் பேசும் வேகம்) 64, நெட் ஐடி (ஜோடியை அடையாளம் காட்டும் எண்) 25, அலைபரப்பும் திறன் 20.

சீரியல் வேகம் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அது மோடத்துக்கும் அதன் கேபிளுக்கும் இடையிலான பேச்சு மட்டுமே. உணரி பக்கம் 9600, கணினி பக்கம் 57600 என்று வைத்தேன், ஒரு தகராறும் இல்லை. காற்று வேகம், நெட் ஐடி, அலைவரிசை எல்லைகள் போன்றவைதான் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும்.

மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது பிழைகள் கொட்டின. மோடம் பழுது என்றே முடிவு கட்டினேன். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் யாருக்குத்தான் புரியும்? திறன் 20 என்றால் 20 டிபிஎம் (ரேடியோத் திறனின் அளவு), அதாவது 100 மில்லிவாட். ஒரு முழம் தள்ளி இருக்கும் ஏற்பிக்கு அது இடிமுழக்கம். திறனைக் குறைத்ததும் பிழை நின்றது.

பிறகு திறனை மறுபடி 20 ஆக்கி, உற்சாகமாக ஒன்றைத் தொட்டியின் மேல் பொருத்திவிட்டு, மேசைக்குத் திரும்பினேன். நெட் ஐடி 25 என்பது எல்லோருக்கும் ஆலையிலிருந்தே வரும் எண், அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இதே வகை இருந்தால் குறுக்கிடும், மாற்றிவிடுவோம் என்று தோன்றியது. மேசையிலிருந்த மோடத்தில் 'ஏடிஎஸ்3=77', சேமிப்பு, மறுதொடக்கம். அதுவரை நிலையாக எரிந்த பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. தொட்டி மோடம் இன்னும் 25-இல் காத்திருக்கிறது, இதுவோ 77-இல் தேடுகிறது.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியின் நான்கு திருகுகளில் மூன்றைக் கழற்றிய பிறகு, உச்சியில் நின்றபடியே உறைத்தது: மேசை மோடத்தை மறுபடி 25-க்கு மாற்றினால் போதுமே! மூன்று திருகுகளையும் மாட்டிவிட்டு இறங்கினேன். எதிர்முனைக்குக் கட்டளையிட 'ஏடி'க்குப் பதில் 'ஆர்டி' என்று தொடங்க வேண்டும். மேசை மோடம் 25-க்குத் திரும்பி இணைப்பு வந்ததும், முதலில் 'ஆர்டிஎஸ்3=77', சேமிக்க 'ஆர்டி&டபிள்யூ', மறுதொடக்கத்துக்கு 'ஆர்டிஇசட்'. இணைப்பு அறுந்த பிறகு அதையே இந்தப் பக்கம். விளக்கு நிலைத்தது. ஏறிய ஏணிக்கு யார் பதில் சொல்வது?

'ஏடிஐ7' காட்டிய சமிக்ஞை எண் 96. அதை 1.9-ஆல் வகுத்து 127-ஐக் கழித்தால் ஏறத்தாழ −76 டிபிஎம். வெட்டவெளிக் கணக்குப்படி −55-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். வழியில் மரங்கள். இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. 400 மீட்டரின் நடுவில் இந்த அலைக்குச் சுமார் 8 மீட்டர் ஆரமுள்ள வெளி வேண்டும். என் பக்கத்துக் கம்பத்தை 2 மீட்டர் உயர்த்தினேன். எண் 112 ஆனது, கிட்டத்தட்ட 8 டெசிபெல் லாபம்.

ஆனாலும் மோட்பஸ் பாதிக்குப் பாதி தோற்றது. உணரியைக் கழற்றி, தொட்டி மோடத்தின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். தட்டிய எழுத்தெல்லாம் பிசகாமல் திரும்பி வந்தன. ரேடியோ நிரபராதி. மோட்பஸில் ஒரு செய்தியின் நடுவே மூன்றரை எழுத்து நேர மௌனம் வந்தால் செய்தி முடிந்துவிட்டது என்று பொருள். 9600-இல் அது வெறும் 4 மில்லிவிநாடி. மோடம்களோ முறைவைத்துப் பேசுகின்றன, நீண்ட பதிலை இரண்டாக வெட்டி இடைவெளிவிட்டு அனுப்புகின்றன. நான் தேவையே இல்லாமல் உணரியின் 20 பதிவேடுகளை (அளவுகள் சேமித்திருக்கும் இடங்களை) கேட்டுக்கொண்டிருந்தேன், 45 பைட் பதில். இரண்டே போதும் என்று குறைத்ததும் 9 பைட் ஆனது. காத்திருப்பு நேரத்தையும் 200 மில்லிவிநாடியிலிருந்து 1000 ஆக்கினேன்.

நேற்றிரவு முழுவதும் ஒரு கேள்வியும் பதிலின்றிப் போகவில்லை. இரண்டு பெட்டிகளின் மேலும் 77 என்று மையால் எழுதியிருக்கிறேன். தொட்டியின் மேலிருப்பதில் நான்காவது திருகு இன்னும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. அதனால் ஏணியை எடுத்து வைக்கவில்லை.