ஜீப்பின் குரோம் பைப்பில் விரிசல்: ஒட்டுப் போட்ட விவரம்

வண்டி பழைய மஹிந்திரா எம்எம் 540. பூஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. திருமங்கலம் தாண்டி கரிசல் காட்டுக்குள் போய் வருவதும், நேரம் கிடைத்தால் சிறுமலைக் கல்லுப் பாதையில் ஏறுவதும்தான் அதற்கு வேலை. முன்னாடி வைத்திருந்தவர் ஆசைப்பட்டுப் பக்கவாட்டில், பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே வருகிற மாதிரி ஒரு குரோம் டெயில் பைப், அதாவது சைலன்சருக்குப் பின்னால் புகையை வெளியே விடும் குழாய், மாட்டியிருந்தார். காட்டு வண்டிக்கு எதற்கு இந்தப் பவுசு என்று நினைத்திருக்கிறேன். ஆனாலும் வெயிலில் மின்னும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அதுதான் இப்போது விரிந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் தடதடப்பு. கேன்வாஸ் டாப் என்பதால் புகை உள்ளே ஏறிக் கண் எரிந்தது. கீழே படுத்துப் பார்த்தால், பைப்பைச் சேஸியோடு பிடிக்கும் பிராக்கெட்டின் ஓரத்தில் குரோம் மேல் கரி அப்பியிருந்தது. கசிகிற இடத்தை டீசல் வண்டி தானே கறுப்பாக எழுதிக் காட்டிவிடும், தேட வேண்டியதில்லை.

வெல்டிங் பட்டறைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒன்று பார்க்க நினைத்தேன். எஞ்சினை ஓடவிட்டு, நண்பனை நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தேன். நிற்கும்போது எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்குகிறது. முன் பைப் அதோடு சேர்ந்து ஆடுகிறது. சைலன்சரும் ஆடப் பார்க்கிறது. பிராக்கெட் மட்டும் துளி அசையவில்லை. காரணம் அங்கேயே இருந்தது. ரப்பர் மவுண்டிங் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ரெண்டு வாஷர் வைத்து போல்ட் போட்டு நேராகச் சேஸியில் முறுக்கியிருந்தார்கள். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது, அது ஆடத்தான் செய்யும். பைப்பின் மறுமுனையை ஆடவிடாமல் கட்டிப்போட்டால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் அது கொஞ்சம் வளைந்து நிமிர வேண்டும். அப்படி வளைந்து வளைந்தே பழைய வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பு களைத்துப்போய்த் தெறித்திருக்கிறது. இதைச் சரி செய்யாமல் எவ்வளவு கெட்டியாக வெல்டிங் ஊதினாலும் அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு இடத்தில் விரிசல் விடும்.

கழற்றுவது வழக்கமான தொல்லை. பைப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும் விளிம்புத் தகடான ஃபிளாஞ்சின் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. டபிள்யூடி-40 அடித்து ராத்திரி ஊறவிட்டு, காலையில் சூடு காட்டியதும் இளகியது.

பைப் என்ன உலோகம் என்று தெரியாமல் வெல்டிங் கம்பியைத் தேர்ந்தெடுக்க முடியாது. காந்தம் ஒட்டியது. 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஓரத்தில் எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். நீலம் பாய்ந்த பளபளப்பு போய், லேசான மஞ்சள் ஓடிய நிக்கல் வந்தது, அதற்கும் கீழே சாதாரண இரும்பு. குரோம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி நிக்கலின் மினுமினுப்புதான். அதன் மேலிருக்கும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரானைக்கூடத் தாண்டாது.

அடுத்தது எனக்குப் பிடித்த வேலை. விரிசல் எங்கே முடிகிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். மேலே இருந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் மேலே ஊறி, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரிந்தது. கரி படிந்திருந்த அளவு விரல் அகலம்தான். கோடு பைப்பைப் பாதிச் சுற்றுக்குச் சுற்றியிருந்தது. ரெண்டு முனையிலும் 3 மில்லி துளை போட்டேன். கூர்மையான முனையில்தான் விசை குவியும், முனை வட்டமாகிவிட்டால் விரிசல் மேற்கொண்டு சுலபமாக ஓடாது.

மதுரை புதூர் தொழிற்பேட்டை பக்கம் தெரிந்த பட்டறை இருக்கிறது. பைப்பைப் பார்த்ததும் அண்ணன் கேட்டார்:

“தம்பி, குரோமைச் சுரண்டிட்டு வரலையா?”

“சுரண்டணும்ணே. எவ்வளவு தூரத்துக்குன்னு கேட்டுட்டு சுரண்டலாம்னு வந்தேன்.”

“ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் இரும்பு தெரியணும். முலாம் மேலயே ஊதுனா பொறிப்பொறியா ஓட்டை விழும், அம்புட்டுதான்.”

ஓட்டை மட்டும் பிரச்சினை இல்லை. வெல்டிங் சூட்டில் குரோம் முலாம் ஆவியாகும்போது ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவம் உண்டாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. வெல்டிங் புகையே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் கிரைண்டர் வேலையை வாசலில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தூசிக்கான நல்ல முகமூடி போட்டுச் செய்தேன். கைக்குட்டை கட்டிக்கொள்வதெல்லாம் கணக்கில் சேராது. பைப்பின் உள்பக்கக் கரியையும் வயர் பிரஷ் விட்டு எடுத்தேன். கரி இருந்தால் வெல்டிங் பிடிக்காது.

பைப் 16 கேஜ், அதாவது 1.6 மில்லி சொச்சம். தடித்த ராடு வைத்தால் பொத்துக்கொண்டு போகும். அண்ணன் கரியமில வாயுவைப் பாய்ச்சிக்கொண்டே ஊதும் சிஓ2 வெல்டிங்கில் 0.8 மில்லி கம்பி வைத்தார். ஆனால் முழு வெல்டிங் முதலில் இல்லை. வண்டியில் மாட்டி, பேட்டரி எர்த்தைக் கழற்றி, டீசல் லைன் மேல் ஈரச்சாக்கு போர்த்தி, டேக் மட்டும், அதாவது அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங், அடித்தோம். மேசையில் வைத்து ஊதி முடித்துவிட்டால் சூட்டில் இழுத்துக்கொண்டு ஃபிளாஞ்ச் துளை ஒன்றோடொன்று சேராது. டேக் அடித்ததைக் கழற்றித்தான் மீதியைத் துண்டு துண்டாக, ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம், ஆறவிட்டு ஊதினார்.

விரிசலை மூடியதும், பிராக்கெட் உட்காரும் இடத்தில் அதே விட்டப் பைப்பை நெடுக்கில் பிளந்து ஒரு ஒட்டு வைத்தோம். மூலைகளை உருட்டிவிட்டோம். பிராக்கெட்டை இப்போது பைப்பில் இல்லை, ஒட்டின் மேல் ஊதியிருக்கிறது. இழுப்பு ஒரே கோட்டில் விழாமல் பரவும்.

மவுண்டிங்குக்குக் கடையில் ரப்பர் கிடைக்கும். என்னிடம் பழைய லாரி டயரின் பக்கச்சுவர் இருந்தது, உள்ளே கேன்வாஸ் இழை ஓடியது. அதில் ஒரு பட்டை வெட்டி, ரெண்டு துளை போட்டு, அகல வாஷர் வைத்து முறுக்கினேன். சேஸிக்கும் பைப்புக்கும் நடுவில் இப்போது ரப்பர் மட்டும்தான்.

மறுபடி குரோம் போடலாமா என்று முலாம் பூசுகிறவர்களிடம் விசாரித்தேன். உள்ளே எண்ணெயும் கரியும் ஏறிய பழைய பைப்பைத் தொட்டியில் இறக்க அவர்களுக்கு மனசில்லை, கரைசல் கெட்டுவிடுமாம். நியாயம்தான். ஒட்டுக்கு ரெண்டு பக்கமும் குரோம் நீலம் பூத்து நிற்கிறது. லேசான பழுப்பு பிராஸோ பாலிஷில் போனது, நீலம் போகவில்லை. வெறும் இரும்புக்கு மட்டும் 600 டிகிரி தாங்கும் கறுப்பு ஸ்பிரே அடித்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆறவிட்டு மறுபடி ஓடவிட்டு இறுக வைத்தேன்.

சோதனை: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனத்த துணியால் பைப்பின் வாயை லேசாக அடைத்து, ஒட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர். ஒரு குமிழும் இல்லை. அப்புறம் சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே மண் பாதையிலும் விட்டுப் பார்த்தாயிற்று. தடதடப்பு இல்லை, கண் எரிச்சல் இல்லை.

எஞ்சின் மவுண்டிங் ரப்பரில் வலது பக்கம் தொய்ந்திருப்பதையும் கீழே படுத்தபோதுதான் பார்த்தேன். அதை மாற்றும்வரை பைப் கூடுதலாகத்தான் ஆடும். சிம்மக்கல் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 540-க்குச் சரியானது கிடைத்ததும் அதையும் எழுதுகிறேன்.