உமர் போட்ட சம்பளப் பட்டியல்

சம்பள பில் போடுவதுதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, இஸ்லாமிய ஆட்சியின் இரண்டாவது தலைவரான கலீஃபா உமர் (ரலி) என்றதும் மற்றவர்களுக்குப் பாரசீகப் படையெடுப்பும் ஜெருசலேமும் நினைவுக்கு வந்தால், எனக்கு மதீனாவில் எழுதப்பட்ட ஒரு பதிவேடுதான் வரும்.

பஹ்ரைனிலிருந்து நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) 5 லட்சம் திர்ஹம் வெள்ளிக் காசோடு வந்து சேர்ந்தார். தொகையைக் கேட்ட உமர் நம்பவே இல்லை. உமக்குத் தூக்கக் கலக்கம், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டுக் காலையில் வாரும் என்று அனுப்பிவிட்டாராம். விடிந்ததும் அதே கணக்குதான். இவ்வளவு பணத்தை எப்படிப் பங்கிடுவது? சிரியாவில் அரசர்கள் திவான், அதாவது பெயர்ப் பதிவேடு, வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று ஒருவர் யோசனை சொன்னார். அகீல், மக்ரமா, ஜுபைர் என்ற மூவரை எழுத உட்கார வைத்தார்கள். நபியின் கோத்திரமான குறைஷிகளின் வம்சாவளி அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

முதல் நகலில் நபிகள் நாயகத்தின் (ஸல்) குடும்பம், அடுத்து முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) குலம், அதற்கடுத்து உமரின் குலம். அதைப் பார்த்த உமர், நபிக்கு யார் நெருங்கிய உறவோ அந்த வரிசையில் எழுதுங்கள், உமரை அவன் இடத்தில் வையுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய குலத்தார் வந்து சண்டை பிடித்தும் மசியவில்லை. தன் பெயரைக் கீழே இறக்கச் சொல்லி எந்த மேலதிகாரியும் என்னிடம் ஒரு பட்டியலைத் திருப்பியதில்லை!

பெயர் வரிசைக்கு உறவு. தொகைக்கோ இஸ்லாத்தில் மூப்பு. முஸ்லிம்களின் முதல் பெரும் போரான பத்ருப் போரில் நின்றவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம், பின்னால் வந்தவர்களுக்குப் படிப்படியாகக் குறைவு. நபியின் வளர்ப்பு மகன் ஸைதின் மகனான உசாமாவுக்குத் தன்னைவிட அதிகமா என்று சொந்த மகன் அப்துல்லாஹ் கேட்டபோது, உன் அப்பாவைவிட அவன் அப்பா நபிக்குப் பிரியமானவர் என்று வாயடைத்துவிட்டார். குழந்தைகளுக்கு முதலில் பால்குடி மறந்த பிறகுதான் படி. அதற்காக ஒரு தாய் சீக்கிரமே பாலை நிறுத்த, இரவில் பிள்ளை அழுவதைக் கேட்ட உமர், பிறந்த நாளிலிருந்தே கொடுக்கச் சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு.

சரி, இந்த ஏற்றத்தாழ்வு தேவையா? அபூபக்ர் எல்லோருக்கும் சமமாகத்தான் பங்கிட்டார். என் ஓட்டு அவருக்கே. சீனியாரிட்டி பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால், பின்னால் சேர்ந்தவன் தொகையைவிட முன்னால் இருப்பவன் பெயரைத்தான் பார்ப்பான். இராக்கின் கூஃபா நகரில் பிந்தி வந்து குடியேறியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அந்தப் புகைச்சல் அடுத்த கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்திலும் அடங்கவில்லை. கடைசியில் உமருக்கே மனம் மாறியது, அடுத்த ஆண்டு இருந்தால் எல்லோரையும் சமமாக்கிவிடுவேன் என்றார் என்று சொல்கிறார்கள். 644-ல் அவரைக் குத்திவிட்டார்கள். பட்டியல் அப்படியே நின்றது.