மூன்று முறை வரைந்த காயல்

விநோத எல்லைகள் பற்றிய தொடருக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகாவும் நிகரகுவாவும் முட்டிக்கொண்ட ஹார்பர் ஹெட் காயலுக்கு அரை நாள் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். நான்கு நாள் இழுத்துவிட்டது.

சான் ஹுவான் ஆறு கரீபியன் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் காயல். 1858 ஒப்பந்தப்படி எல்லை புன்டா டி காஸ்டியா முனையில் தொடங்க வேண்டும். 1897-ல் எல்லையைக் குறிக்க வந்த அமெரிக்கப் பொறியாளர் அலெக்சாண்டர் பார்த்தபோது, அந்த முனையைக் கடல் எப்போதோ விழுங்கியிருந்தது. அதனால் காயலைச் சுற்றிப் போய், முதலில் வரும் கால்வாய் வழியாக ஆற்றைப் பிடி என்று சொல்லிவிட்டார். நானும் அப்படியே வரைந்தேன். செயற்கைக்கோள் படத்தில் கால்வாயைத் தேடினால், காணோம்!

அப்புறம்தான் சர்வதேச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 2 தீர்ப்பைத் திறந்தேன். நீதிமன்றம் அனுப்பிய நிபுணர்களுக்கும் ஆற்றையும் காயலையும் இணைக்கும் கால்வாய் கிடைக்கவில்லையாம். ஆகவே ஆற்று முகம் வரை கரை கோஸ்டாரிகாவுக்கு; காயலும் அதைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்திட்டும் மட்டும் நிகரகுவாவுக்கு.

சரி என்று கரையோரத்தில் ஒரு துண்டை வெட்டி நிகரகுவாவின் நிறம் கொடுத்து, சட்டம் படிக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "அண்ணா, திட்டுக்கு முன்னாடி இருக்கற கடல் யாருது?" என்று கேட்டான். எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் தீர்ப்பு. மணல்திட்டு நிலையில்லாதது, அதை வைத்துக் கடல் எல்லையைக் கணக்கிட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது முன்னால் இருக்கும் கடலும் கோஸ்டாரிகாவுடையது. நான் வெட்டிய துண்டுக்கு நாலாபக்கமும் அந்நிய நாடு!

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோஸ்டாரிகாவின் நிலத்தையும் கடலையும் ஒரே பரப்பாக்கி, நடுவில் வளையமாக ஓட்டை போட்டு நிரப்பினேன். திட்டின் விளிம்புதான் படுத்தியது. இரண்டு வெவ்வேறு வருடப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் விளிம்பு ஒத்துப்போகவில்லை. புதியதை எடுத்துக்கொண்டு, கீழே படத்தின் தேதியைப் போட்டேன். 2010-ல் இதே இடத்தில் கூகுள் வரைபடத்தின் தவறான கோட்டைக் காட்டித்தான் நிகரகுவா தரப்பில் ஆற்றைத் தூர்வாரும் வேலையைக் கவனித்த எடென் பஸ்தோரா தன் ஆட்கள் அங்கே இருந்ததை நியாயப்படுத்தினார். அதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்கும்.

தொடரின் ஆசிரியர் போன் செய்து, "தேதி இடத்தை அடைக்குதே, எடுத்துடலாமா?" என்றார். "வேணும்னா தலைப்பைச் சின்னதாக்குங்க சார்" என்றேன்.