ஏரி வழியே சைக்கிள்: மதுராந்தகம் முதல் மாமண்டூர் வரை

ஜனவரி 6, மதுராந்தகம்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. பாலாறு வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைக் கரை போட்டு நிறுத்தி, மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்குப் போகும்படி ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். இங்கே கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். ஏரிதான் மூத்த சின்னம். கோயில் கல்வெட்டுகளில் பல அதன் கணக்குப் புத்தகம்.

வர வேண்டிய காலம் ஜனவரி தொடங்கி பிப்ரவரி நடு வரை. தண்ணீர் நிற்கும், பறவை இருக்கும், பத்து மணி வரை வெயில் சுடாது. மார்ச்சில் ஏரிகளின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பு, காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிடும்.

மதுராந்தகம் ஏரி உத்தம சோழன் பெயரோடு சேர்ந்தது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் விரிவு, கிளியாறு தண்ணீர் கொண்டுவருகிறது. கரையோரம் ஏரிகாத்த ராமர் கோயில். மழைக்கு மழை உடைந்த கரையை 1790களில் கலெக்டர் லியோனல் பிளேஸ் பழுது பார்த்தார். ஒரு பெருமழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காப்பதைக் கண்டு ஜனகவல்லித் தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது கோயில் வரலாறு. சன்னிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது, நின்று படித்துவிட்டுப் போங்கள். நாளை மறுநாள் வேடந்தாங்கலிலும் இதே பெயர் வரும்.

கரைமேல் சைக்கிள் ஓட்டாதீர்கள். உருட்டிக்கொண்டும் போகாதீர்கள். சீமைக்கருவேலம் இரு பக்கமும் நிற்கிறது. விறகுக்கு வெட்டியவர்கள் விட்டுப்போன குச்சியில் ஒன்று போதும். காய்ந்த முள் சாதாரண டயரைத் தாண்டி ட்யூபின் மறுபக்கம் வரைக்கும் போகும். கோயில் பக்கம் பூட்டி வைத்துவிட்டு நடப்பதே சரி.

ஜனவரி 7, மதுராந்தகம்

கிளம்பும் முன் சக்கர வேலை. இந்தப் பயணத்தின் சுகமும் கஷ்டமும் டயரில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாக.

டயர் 700×35 அல்லது 38. ஆள் 70 கிலோ, சுமை 10 கிலோ என்றால் காற்றழுத்தம் பின்னால் 55 பி.எஸ்.ஐ., முன்னால் 45. இதற்கு மேல் அடித்தால் ஜல்லிச் சாலையில் கை மரத்துப்போகும். ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் ரிம் ட்யூபைக் கடித்து, பாம்புக் கடி மாதிரி இரட்டை ஓட்டை போடும்.

வால்வைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சைக்கிள் கடையில் கிடைப்பது 28×1½ அளவு ட்யூபும் வால்ட்யூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வும்தான். மோட்டார் சைக்கிள் வால்வு என்றால் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பம்போடு கட்டி வையுங்கள். அது இல்லாமல் பங்கில் நின்று பயனில்லை.

பையில் போக வேண்டியவை: மாற்று ட்யூப் இரண்டு, பேட்ச் எட்டு, பிரிக்காத சொல்யூஷன் ட்யூப் இரண்டு (ஒருமுறை திறந்தது சில வாரத்தில் உள்ளேயே காய்ந்துவிடும், தேவைப்படும் நேரத்தில்தான் தெரியும்), உப்புத்தாள், டயர் லீவர், நகவெட்டி, பழைய பருத்தித் துணி, அறுந்த செயினை இணைக்கும் செயின் லாக் ஒன்று, பிரேக் கேபிள் ஒன்று, எண்ணெய் 30 மில்லி.

பங்க்சர் ஒட்டும்போது பலரும் தவறவிடுவது, டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள் நுனி. ட்யூபைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் முள் எங்கே என்றும் தெரிந்துவிடும். விரலை உள்ளே விட வேண்டாம். துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் ஒரு சுற்று, பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று தேயுங்கள். நுனி துணியில் மாட்டும். வெளிப்பக்கம் பிடி கிடைக்காவிட்டால் உள்ளிருந்து நகவெட்டியால் இழுங்கள். இதைச் செய்யாமல் புது ட்யூபை மாட்டினால் அரைமணியில் அதுவும் போகும்.

ஓட்டையைச் சுற்றிப் பேட்சைவிடப் பெரிய வட்டமாக உப்புத்தாள் போடுங்கள். சொல்யூஷனை மெல்லத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள், தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே அழுத்திய பேட்ச் மதிய வெயிலில் மெல்ல நகரும். ஒட்டிய பின் மேலே கொஞ்சம் புழுதி தூவினால் டயரில் ஒட்டிக்கொள்ளாது. ட்யூபின் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள், கருவேல முள் பெரும்பாலும் இரண்டு ஓட்டை போடும்.

ஜனவரி 8, வேடந்தாங்கல், கரிக்கிலி

சூரியன் ஆறரைக்கு வருகிறது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பலாம், ஆனால் மார்கழிப் பனியில் முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். வயல் நடுவே பனி தரையோடு படிந்து நிற்கும், எதிரே வரும் டிராக்டருக்கு வெறும் ரிஃப்ளெக்டர் தெரியாது. ஏரியைச் சுற்றி உள்சாலை வழியாக வேடந்தாங்கல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலை ஏறிப் படாளம் சுற்றி வருவதில் லாபம் எதுவும் இல்லை.

வேடந்தாங்கல் சின்ன ஏரி, சுமார் 30 ஹெக்டேர். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் கூடு. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் பறவை சுட வந்த துப்பாக்கிக்காரர்களை ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். 1798இல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். சட்டம் வருவதற்கு முன்பே காவல் இருந்தது என்பதை இந்த ஊர் பற்றிச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இது.

விடிந்த உடனும் மாலை நாலரைக்கு மேலும்தான் நடமாட்டம். நடுப்பகலில் வருபவருக்குத் தூங்கும் பறவைதான் கிடைக்கும். 8×42 தொலைநோக்கி போதும், அதைவிடப் பெரிது கழுத்தில் சுமை.

கரிக்கிலி இன்னும் ஒன்பது பத்துக் கிலோமீட்டர். அங்கே கூட்டமில்லை, பறவைக் கூடும் குறைவு. திறந்த தண்ணீரில் ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகளும் கரையோரச் சிறு பறவைகளும்தான் காட்சி. இரண்டு ஏரிகளும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஜனவரி 9, உத்திரமேரூர்

சம்பா அறுவடை நடக்கிறது. சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது, சில இடத்தில் வைக்கோலையே பரப்பி வண்டி ஏற விட்டிருக்கிறார்கள். நெல்மேல் ஏறாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் வருட உழைப்பு. வைக்கோலில் வேறு ஆபத்து: தாள் பின்சக்கரத்தோடு சுழன்று கியர் மாற்றியின் குட்டிச் சக்கரத்தில் சுற்றும். பெடல் கனத்த உடனே நிறுத்த வேண்டும். அழுத்தி மிதித்தால் கியர் மாற்றி தூக்கிக்கொண்டு ஸ்போக்ஸுக்குள் போய்விடும், அதோடு பயணம் முடிந்தது. வைக்கோல் தெரிந்தால் இறங்கித் தள்ளுங்கள், ஐம்பது அடிதானே.

உத்திரமேரூருக்கு ஒரு நாள் முழுதாகக் கொடுங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். முப்பது குடும்பு (வார்டு), ஒன்றுக்கு ஒருவர்; நிற்பவருக்கு 35 வயதுக்கு மேல் 70க்குள், வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்கும் இடமில்லை. பாடத்தில் அழுத்திச் சொல்லாமல் விடுவது முப்பது பேரையும் எப்படிப் பிரித்தார்கள் என்பது. பன்னிரண்டு பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம் என்ற குழு, பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், மீதி ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். ஐந்தில் ஒருவரை ஏரிக்கென்றே ஒதுக்கிய ஊர். இங்குள்ள பெரிய ஏரி பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம். அதில் மண் வாருவதற்கென்றே பொன் வைத்துவிட்டுப் போனவர்களும் கல்வெட்டில் இருக்கிறார்கள். கோயிலில் எழுத்தைப் படித்த பிறகு ஏரிக்கரைக்குப் போய் நில்லுங்கள், வரிசை மாற வேண்டாம்.

எழுத்து தேய்ந்திருக்கிறது. டார்ச்சை நேரே அடித்தால் எதுவும் தெரியாது. சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டு நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சுந்தரவரதர் கோயிலின் மூன்றடுக்குக் கருவறையில் மேல் தளம் ஏறிப் பார்க்க காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும்.

ஜனவரி 10, திருமுக்கூடல்

இன்று வடகிழக்காக 26 கிலோமீட்டர் அளவு, வாடைக்காற்று நேர் முகத்தில். எட்டு மணிக்குள் பெரும்பகுதியை முடித்தால் இரண்டு கியர் மிச்சம்.

சாலவாக்கம் தாண்டினால் கல்குவாரி லாரிகள். சிதறிய ஜல்லி ஓரத்தில் ஒதுங்குவதால் ஓரமாகப் போவது பத்திரம் என்ற கணக்கு இங்கே தப்பு. கூர்ஜல்லி டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் பேட்ச் நிற்காது. பழைய டயரிலிருந்து வெட்டிய மூன்று அங்குலத் துண்டை உள்ளே வைத்து, காற்றைப் பாதியாகக் குறைத்து, அடுத்த ஊர் வரை ஓட்டலாம். வெள்ளை வரிக்கு உட்புறம் ஒரு முழம் விட்டு நேராகப் போங்கள். லாரி ஹாரன் அடித்தால் ஓடிக்கொண்டே ஒதுங்காமல் நின்று வழிவிடுங்கள். தூசிக்கு முகத்தில் ஈரத் துண்டு.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு பள்ளி, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட வீரசோழன் ஆதுலசாலை என்ற மருத்துவமனை. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவர் சம்பளமும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் வெட்டியிருக்கிறது. ஒரு மணி நேரமாவது வேண்டும்.

பாலம் தாண்டிப் பழையசீவரம், வாலாஜாபாத். அங்கிருந்து காஞ்சிபுரம் வரை நெரிசலான சாலை, பார்க்க ஒன்றுமில்லை.

ஜனவரி 11, மாமண்டூர்

காஞ்சிபுரத்திலிருந்து தென்மேற்கே, பாலாற்றைக் கடந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காற்று முதுகில், பெடல் தானே சுற்றும். திரும்பும்போது அதே காற்று எதிரே வரும் என்பதால் மூன்று லிட்டர் தண்ணீரில் பாதியைத் திரும்பும் வழிக்கு வையுங்கள்.

போகிற வழியில் தூசி என்ற ஊருக்கு அருகே குரங்கணில்முட்டம். குரங்கும் அணிலும் காக்கையும் வழிபட்டதாகச் சொல்லும் ஊர். சம்பந்தர் பாடிய வாலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் பல்லவர் குடைவரை ஒன்று, அவசரக்காரர்கள் தவறவிடுவது.

மாமண்டூர்க் குன்றில் நான்கு குடைவரைகள், கிழக்கு நோக்கியவை. காலை வெயில் தூண்கள் வரை நுழையும், ஒன்பதுக்குள் வாருங்கள். வடக்குக் குடைவரையில் மகேந்திரவர்மன் கல்வெட்டு சிதைந்த நிலையில். குன்றை ஒட்டிய ஏரி சித்திரமேக தடாகம். பராந்தகன் காலக் கல்வெட்டிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

ஏரி நிரம்பிய வருடத்தில் கலங்கல் என்ற மிகுநீர் போக்கியில் வழியும் தண்ணீர் தரைப்பாலத்தின்மேல் ஓடும். தெளிவாக, ஆழமில்லாமல் தெரிந்தாலும் கான்கிரீட்டில் பாசி பிடித்திருக்கும். பிரேக்கைத் தொட்டாலும் ஹேண்டிலைத் திருப்பினாலும் வழுக்கும். இறங்கி, செருப்பைக் கழற்றாமல், சைக்கிளை நீர் வரும் பக்கத்துக்கு மறுபுறம் வைத்துத் தள்ளுங்கள். ஓடும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால் கடக்க வேண்டாம். சக்கரத்தின் நடு அச்சு வரை முங்கிய சைக்கிளை அன்றே கவனிக்க வேண்டும்: கிரீஸ் கலங்கிவிட்டால் இரண்டு நாளில் பேரிங் கரகரக்கும். ஹப்பைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை எண்ணி வைத்து, புதுக் கிரீஸ் போடும் வேலையை காஞ்சிபுரத்து மெக்கானிக் மாலைக்குள் முடித்துக்கொடுப்பார். செயினைத் துடைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் நாளைய புழுதி அதில்தான் போய் ஒட்டும்.