பொருந்தாத விளக்கம்

தொழிற்சாலைக் கருவிகளை இணைக்கும் ப்ராஃபிபஸ் வலையமைப்பில் புதிதாக மாட்டிய வால்வுத் தொகுதியில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. கேபிள் சரி. முகவரி சரி. டெர்மினேஷனும் (கேபிள் முனையில் போடும் மின்தடை) சரி.

கட்டமைப்பில் சேர்த்திருந்த ஜிஎஸ்டி கோப்பை (வரி அல்ல; கருவியின் விவரங்களைச் சொல்லும் கோப்பு) நோட்பேடில் திறந்தேன். வெறும் எழுத்துக் கோப்புதான். 9.6 கிலோபிட்டிலிருந்து 12 மெகாபிட் வரை எந்தெந்த வேகத்தில் பேசும், எந்த மாட்யூலுக்கு எத்தனை பைட் என்று வரி வரியாக இருந்தது.

நடுவில் நான்கு இலக்க ஹெக்ஸ் (பதினாறடிமான) அடையாள எண். வலையமைப்பை நடத்தும் ப்ராஃபிபஸ் மாஸ்டர் முதலில் அளவுருக்களோடு இதையும் அனுப்பும். கருவி தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும்; பொருந்தாவிட்டால் தரவுப் பரிமாற்றத்துக்கே வராது.

எனக்கு வந்திருந்த தொகுதி, அச்சு அசல் அதே தோற்றத்தில் வேறு மாடல்; அதன் எண் கோப்பில் இருந்ததோடு பொருந்தவில்லை!

எரிச்சல்தான். ஆனாலும் இந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். தவறான பைட் போய்த் தவறான வால்வைத் திறப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஈதர்நெட்டில் ஓடும் ப்ராஃபிநெட்டில் இதே விவரங்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக வருகின்றன. படிப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது.