மூன்றாவது மாடியில் கேசரி

எங்கள் பூனை கேசரி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் வாசலில் பால் பாக்கெட் எடுக்கப் போயிருந்தேன். எங்கள் வீடு பெரம்பூரில், மூன்றாவது மாடி. கூடத்து ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் மேல் ஒரு புறா தினமும் வந்து உட்காரும். ஜன்னலில்தான் கொசுவலை இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அது வெல்க்ரோவில் ஒட்டிய வலை. நாலு கிலோ பூனை நகத்தை மாட்டித் தொற்றினால் ‘டர்ர்’ என்று ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே ஓடிப் போய்ப் பார்த்தால், யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில் பதுங்கிக் கிடந்தான். தாடையில் ரத்தம், ஒரு கோரைப்பல் பாதி இல்லை. "பூனைதானே மேடம், எங்கேர்ந்து விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும்" என்றார் வாட்ச்மேன். நின்றிருக்கிறான்தான். கால் ஊன்றிய வேகத்தில் தலை முன்னால் போய் முகவாய் தரையில் இடித்திருக்கிறது, மாடியிலிருந்து விழுகிற பூனைகளுக்கு இது வழக்கம் என்றார் டாக்டர். கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாதாம். நல்லவேளை, அங்கே ஒன்றும் இல்லை.

அன்று இரவு என் கணவர் இணையத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நியூயார்க்கில் இப்படி விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைக் கணக்கெடுத்து 1987-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. சுமார் 90 சதவீதம் பிழைத்தனவாம். அதிலும் ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவாம். அவருக்கு ஒரே நிம்மதி. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அது அந்தக் கணக்கிலேயே ஏறியிருக்காதே என்றேன். மனிதர் போனை வைத்துவிட்டார்.

புறா வலை கட்டுகிறவரை வரவழைத்தோம். "இது பூனைக்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டேன். "புறாவுக்குத் தாங்கும் மேடம்" என்றார். நேர்மையான மனிதர். இரண்டே மாதத்தில் கேசரி நைலானைக் கடித்துத் தலை போகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டான். அப்புறம்தான் வெல்டிங் பட்டறைக்குப் போய், இரும்புச் சட்டத்தில் ஒரு அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்து, பால்கனியிலும் ஜன்னல்களிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். ஏசி மெக்கானிக் கை விட ஒரு சின்னக் கதவு, அதற்குத் தாழ்ப்பாள்.

மன்னார்குடியிலிருந்து வந்த என் மாமியார் பார்த்த முதல் பார்வையிலேயே, "என்னம்மா இது, பூனைக்கு ஜெயில் கட்டியிருக்கே?" என்றார். அவர் வீட்டுப் பூனை ஓட்டு மேலேயே தெரு முழுக்கச் சுற்றும், மூன்று வீட்டில் சாப்பிடும், குதிருக்குப் பின்னால் குட்டி போடும். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அங்கே மதிலிலிருந்து குதித்தால் மண் தரை, இங்கே சிமென்ட். "சரி அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

கேசரியின் கக்கூஸ் தொட்டிக்குப் போடுகிற மண் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தொட்டியில் எம்-சாண்ட் போட்டேன். வீடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பாத அச்சு, கோகுலாஷ்டமி மாதிரி. பிறகு பென்டோனைட் மண்ணுக்கு மாறினேன். ஈரம் பட்டால் உப்பிக் கட்டியாகும், அள்ளுவது சுலபம். அந்தக் கட்டிகளை டாய்லெட்டில் கொட்டினால் குழாய்க்குள்ளும் உப்பும் என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை. பிளம்பருக்கு 1,200 ரூபாய். இரண்டாவது மாடிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடத்தில் குதிரைப் பந்தயம் ஓடுவதைத்தான் முழுசாக நிறுத்த முடியவில்லை. ராத்திரி படுக்கும் முன் துடைப்பக்குச்சியில் இறகைக் கட்டி, மூச்சு வாங்கும் வரை துரத்தவிட்டு, உடனே சாப்பாடு வைத்தால் ஆறு மணி வரை தாக்குப்பிடிக்கிறான்.

புறா இன்னும் வருகிறது. ஏசி மேல் உட்கார்ந்துகொண்டு கம்பி வழியாக உள்ளே பார்க்கிறது. கேசரி பல்லைக் கிட்டித்து ‘கெக்கெக்’ என்று ஒரு சத்தம் போடுகிறான். மாமியார் இப்போதெல்லாம் முருங்கைக்கீரை ஆய அந்த ஜன்னலடியில்தான் நாற்காலி போடுகிறார். "சும்மா இருடா, அது எங்கேயும் போகாது" என்று காம்பைக் கிள்ளிக்கொண்டே அவனிடம் சொல்கிறார்.